லைவ் லினக்ஸ் தட்டு தொடங்காமை: காரணங்களும் பரிகாரங்களும்

கணினியொன்று திடீரெனத் தொடங்க மறுக்குமாயின், அதனை உடையார் பெரிதும் அஞ்சுவது யந்திரத்தின் விலையைக் குறித்தன்று. அதனுள் எழுதி வைத்தவற்றைக் குறித்தேயாம். பல மாத உழைப்பின் பயனான ஆராய்ச்சிக் கட்டுரையும், ஆய்வுக்கூடக் குறிப்புகளும், மீண்டும் எடுக்கவியலாத புகைப்படங்களும் ஒருங்கே போயின என்று மாணவர் கலங்குவர். உண்மை பெரும்பாலும் அவ்வாறன்று. கணினியின் உறுப்புகள் வேறு; அவற்றை நடத்தும் இயக்கமுறைமை வேறு; நாம் எழுதிச் சேர்த்த கோப்புகள் வேறு. இடைநின்ற இயக்கமுறைமை கெட்டபோதும் ஏனைய இரண்டும் பழுதின்றி இருத்தல் கூடும். பாகன் நோயுற்றமையால் தேரும் தேரிலுள்ள பண்டமும் அழிந்தன ஆகா. வேறொரு பாகனை ஏற்றினால் தேர் நகரும்.

அங்ஙனம் ஏற்றத்தக்க பாகனே லைவ் லினக்ஸ் தட்டு. லினக்ஸ் இயக்கமுறைமையின் கருவாகிய கெர்னலை, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜெர்மானியரான கிளவுஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் பதியாமல், தட்டிலிருந்தே முழு இயக்கமுறைமையையும் நடத்தும் முறையைப் பலரும் அறியச் செய்தது. இன்று உபுண்டு, டெபியன் முதலியனவும் இவ்வாறே இயங்கவல்லன. இம்முறையில் வேலை யாவும் கணினியின் தற்காலிக நினைவகத்தில் நிகழ்தலின், நாம் கட்டளையிட்டாலன்றி ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. கெட்டுப்போன கணினியிலிருந்து கோப்புகளை மீட்டற்கு இதனினும் எளிய சாதனம் அரிது.

ஆயின் அத்தட்டே தொடங்காது நின்றால் யாது செய்வது? அந்நிலையில் மனம் பதறி, கண்ட அமைப்புகளையெல்லாம் மாற்றுவோரும், விண்டோஸைப் புதிதாக நிறுவ முற்பட்டு ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிடுவோரும் உளர். பின்னவர் செய்கை, காணாமற்போன சாவிக்காக வீட்டையே கொளுத்துவதை ஒக்கும். செய்யத்தக்கது ஒன்றே: தட்டு எவ்விடத்தில் நின்றது என்று நோக்குதல். நின்ற இடமே நோயின் இடத்தைக் காட்டும்.

இதனை அறிதற்குத் தட்டு தொடங்கும் முறையைச் சிறிது விளக்குவாம். மின்விசையை அழுத்தியவுடன், தாய்ப்பலகையிலுள்ள நிரந்தர நிரல் விழித்தெழும். பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்றும், புதியவற்றில் யு.ஈ.எஃப்.ஐ. என்றும் பெயர். இது தட்டிலுள்ள தொடக்கப் பதிவைத் தேடும். தொடக்கப் பதிவு, தெரிவுப் பட்டியலைக் காட்டும் சிறு நிரலை எழுப்பும். அந்நிரல் கெர்னலையும் அதன் துணைக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் தட்டினுள் சுருக்கி வைக்கப்பட்ட பெருங்கோப்பினைத் தேடித் திறக்கும். இறுதியில் திரையில் முகப்பு தோன்றும். ஓட்டப் பந்தயத்தில் கோலை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கி ஓடுவது போன்றது இது. எவர் கையில் கோல் விழுந்தது என்று அறிந்தால் பரிகாரம் எளிதாம்.

முதலாவது, தட்டினைக் கணினி சிறிதும் பொருட்படுத்தாமை. தட்டு உள்ளே இருந்தும், கெட்ட விண்டோஸே மீண்டும் வருதலும், தொடங்கத்தக்க சாதனம் இல்லை என்னும் வாசகம் தோன்றுதலும் இதன் அடையாளங்கள். பல கணினிகள் முதலில் ஹார்ட் டிஸ்கையே நாடும். ஆதலின் மின்விசையை அழுத்தியவுடன் எஃப்12, எஸ்கேப் முதலிய விசைகளுள் அக்கணினிக்குரியதைத் தட்டி, தொடக்கப் பட்டியலை வருவித்துத் தட்டினைத் தெரிவு செய்க. அப்பட்டியலில் ஒரே தட்டு இருமுறை, யு.ஈ.எஃப்.ஐ. என்னும் முன்னடையோடும் அஃதின்றியும், காணப்படலாம். ஒன்று பயன்படாதாயின் மற்றொன்றைத் தெரிந்து பார்க்க. கோப்புகளை மீட்கும் வேலைக்கு இரண்டில் எவ்வழி தொடங்கினும் குற்றமில்லை.

அப்பட்டியலிலும் தட்டின் பெயர் இல்லையேல், தட்டு எழுதப்பட்ட முறையை ஐயுறுக. இணையத்திலிருந்து பெறும் ஐ.எஸ்.ஓ. கோப்பு, ஒரு தட்டின் முழு உருவம். அதனைச் சாதாரணக் கோப்பைப்போல் தட்டில் நகலெடுத்தால் தட்டு தொடங்காது; உருவத்தை விரித்தெழுதும் கட்டளையாலேயே எழுதவேண்டும். இதனைச் சோதிப்பது எளிது. நன்றாய் இயங்கும் வேறொரு கணினியில் தட்டைத் திறந்து பார்க்க. ஐ.எஸ்.ஓ. என முடியும் ஒரே கோப்பு மட்டும் காணப்படின், எழுதிய முறை தவறு. பூட் முதலிய பல கோப்புறைகள் காணப்படின், முறை சரியே. கொள்ளளவையும் நோக்குக: குறுந்தட்டு சுமார் 700 மெகாபைட்டும், ஓரடுக்கு டிவிடி 4.7 கிகாபைட்டுமே கொள்ளும். உபுண்டு 24.04இன் உருவம் அவ்வளவையும் கடந்தது. அதற்குப் பென்டிரைவே தக்கது. அன்றிச் சிறிய உருவமுடைய வேறொரு லினக்ஸைக் கொள்ளலாம்.

குற்றம் தட்டிலோ கணினியிலோ என்று துணிதற்கு இரண்டு சோதனைகள் போதும். இத்தட்டை மற்றொரு கணினியில் இட்டுத் தொடங்குக; நன்றென முன்னரே அறியப்பட்ட மற்றொரு தட்டை இக்கணினியில் இடுக. இத்தட்டு அங்கே தொடங்கின், அதன்மேற் பழியில்லை. அத்தட்டும் இங்கே தொடங்காதாயின், தட்டினைப் படிக்கும் கருவியோ அமைப்போ பழுதுடையது. இவ்விரு சோதனைகளையும் செய்யாது நான்கைந்து தட்டுகளை எழுதி வீணாக்குவோர் பலர்.

இரண்டாவது, கணினி தட்டினைக் கண்டும் மறுத்தல். 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8உடன் வந்த கணினிகளில் செக்யூர் பூட் என்னும் காவல் பரவியது. நம்பத்தக்க முத்திரையுள்ள நிரலையன்றிப் பிறவற்றை அது உள்ளே விடாது. உபுண்டு 2012 முதலும், டெபியன் 2019 முதலும் இம்முத்திரையைப் பெற்றுள்ளன. எனினும் பழைய முத்திரைகள் காலப்போக்கில் தள்ளப்படுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பொன்றின் பின்னர், முன்பு தடையின்றித் தொடங்கிய லினக்ஸ் தட்டுகள் சில, பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்னும் வாசகத்தோடு மறுக்கப்பட்டன. ஆகவே பழைய தட்டு மறுக்கப்படின், புதிய வெளியீட்டை எழுதிப் பார்த்தல் முதற் பரிகாரம். செக்யூர் பூட்டை நிறுத்துவது அடுத்தது. அதற்குமுன் ஓர் எச்சரிக்கை: ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், இம்மாற்றத்தின்பின் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மேலும், அவ்வாறு பூட்டிய கோப்புகளை லினக்ஸிலிருந்து படித்தற்கும் சாவி வேண்டும். சாவி கைக்கு வந்தபின்னரே அமைப்பில் கைவைக்க.

மூன்றாவது, தெரிவுப் பட்டியல் தோன்றியபின் நின்றுவிடுதல். 64 பிட் செயலி வேண்டும், இங்குள்ளது 32 பிட் என்னும் கருத்துடைய வாசகம் வருமாயின், வழக்கு அங்கேயே தீர்ந்தது: அப்பழங்கணினிக்கு ஏற்ற 32 பிட் உருவத்தைத் தேடல் வேண்டும். உபுண்டு 2017லேயே 32 பிட் தட்டுகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அவ்வாசகம் இன்றி நின்றால், கோப்பு இறங்கும்போதே சிதைந்ததோ என்று ஆராய்க. ஐ.எஸ்.ஓ. கோப்போடு ஷா256 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் வெளியீட்டார் தருவர். அதில் 64 குறிகள் உண்டு. நம் கோப்பிலிருந்து கணித்த எண்ணும் அதுவும் முற்றும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு குறி மாறினும் கோப்பு வேறென்றே கொண்டு, மறுபடியும் இறக்குக.

நான்காவது, கெர்னல் எழுந்தும் தன் பெருங்கோப்பைக் காணாது தவித்தல். உபுண்டுவில் இந்நிலையில் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சொல்லோடு கருந்திரை நிற்கும். கோப்பின் எண் சரியாயிருந்தும் இது நேருமாயின், தட்டின் மேற்பரப்பையோ படிக்கும் கருவியையோ குறை கூறலாம். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க, வட்டமாகத் துடைத்தலாகாது. குறுந்தட்டில் எழுத்துப் பதியும் அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்தின் கீழேயே உள்ளது. ஆதலின் அப்பக்கத்துக் கீறல் ஒளி புகும் பக்கத்துக் கீறலினும் கொடிது. இவற்றாலும் பயனில்லையேல், புதுத்தட்டில் குறைந்த வேகத்தில் எழுதிப் பார்க்க.

ஐந்தாவது, யாவும் நடந்தும் திரை இருண்டே இருத்தல். இங்கே தட்டு இயங்குகிறது. காட்டும் உறுப்போடு கெர்னல் ஒத்துப்போகவில்லை. தெரிவுப் பட்டியலில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தின் விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் ஈற்றில், நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதி, எஃப்10 விசையை அழுத்துக. திரை எளிய முறையில் இயங்கும். அவ்வரியிலுள்ள குவையட், ஸ்பிளாஷ் என்னும் இரு சொற்களை நீக்கிவிட்டால், கெர்னல் தான் செய்வதையெல்லாம் வரிவரியாய்ச் சொல்லும். இறுதி வரியே பெரும்பாலும் நோயின் பெயர்.

இவ்வளவும் செய்கையில் ஒரு நெறியைக் கைவிடலாகாது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைத் தாளில் குறிக்க. பயன்படாதாயின் பழைய நிலைக்கே மீட்க. மூன்றை ஒருங்கே மாற்றியவர், கணினி எழுந்தாலும் ஏன் எழுந்தது என அறியார். எழாவிட்டால், தாம் புதிதாய்ச் செய்த கேட்டையும் பழைய கேட்டோடு சேர்த்துச் சுமப்பர்.

தட்டு தொடங்கிய பின்னரும் விரைதல் தகாது. முகப்பில் காணும் ‘நிறுவுக’ என்னும் குறியைத் தொடாது, கோப்புகளைப் படித்தற்கு மட்டும் திறந்து, வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ நகலெடுக்க. முதலில் இன்றியமையாத கட்டுரை, பிறகு குறிப்புகள், பின்னரே ஏனையவை. ஹார்ட் டிஸ்க் டிக்டிக் என வழக்கமில்லா ஓசை எழுப்பினால் உடனே நிறுத்தித் தேர்ந்தாரிடம் ஒப்படைக்க. ஒவ்வொரு முயற்சியும் அதன் எஞ்சிய ஆயுளைக் குறைக்கும். நகல்கள் வேறொரு கணினியில் திறக்கின்றன என்று கண்டபின்பே விண்டோஸைச் செப்பனிடுதலைக் குறித்து எண்ணலாம்.

வெள்ளம் வந்தபின் அணை கட்டுதல் அறிவுடைமையன்று. கணினி நலமாயுள்ள இன்றே ஒரு லைவ் தட்டை எழுதி, சரிபார்ப்பு எண்ணை ஒத்து நோக்கி, தம் கணினியில் ஒருமுறை தொடங்கிப் பார்த்து, எழுதிய தேதியை உறையில் குறித்து வைத்தல் ஒவ்வொரு மாணவர்க்கும் தக்கதாம். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதனினும் சிறந்தது, முக்கியமான எழுத்துக்கு எப்பொழுதும் வேறிடத்தில் ஒரு நகல் வைத்திருத்தல். அங்ஙனம் வைத்தவர், தட்டு தொடங்காத நாளிலும் கலங்காது நின்று காரணம் தேடுவர்.