மேடை ஒலியும் ஒளிப்பதிவும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூருக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் திருவாண்டார்கோயில். தேவாரம் இதனை வடுகூர் என வழங்கும். திருஞானசம்பந்தர் இவ்வூர்மீது பாடிய பதிகம் முதல் திருமுறையுள் இடம்பெற்றுள்ளது. அப்பதிகத்தின் சொற்கள் இன்றும் நம்மிடம் உள்ளன; பாடிய குரலோ அன்றே காற்றொடு கலந்தது. தில்லையில் கிடைத்த தேவார ஏடுகளுட் பல செல்லரித்திருந்தன என்றும், எஞ்சிய பதிகங்களுக்குப் பண் வகுக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரை நாட வேண்டியிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஓலை சொல்லைக் காத்தது. ஒலியைக் காக்க உயிருள்ள மிடறு ஒன்று தேவைப்பட்டது.

இன்று ஒலியைக் காக்கும் கருவி சிற்றூர்தோறும் வந்துவிட்டது. திருவாண்டார்கோயில் வட்டாரத்துத் திருமண மண்டபங்களில் நடைபெறும் நிக்காஹ் ஆயினும், காதணி விழா ஆயினும், மீலாது விழா, பட்டிமன்றம், நூல் வெளியீடு என எதுவாயினும் வீடியோக்காரர் இன்றி நடைபெறுவதில்லை. ஆயினும் அப்பதிவுகளைப் பின்னர் எடுத்துப் பார்ப்போர் அடைவது பெரும்பாலும் ஏமாற்றமே. படம் பளிச்சென்று இருக்கும். பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போல் கேட்கும்.

இதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். படக்கருவியோடு பொருந்திய சிறு மைக், பேசுவோரின் வாயிலிருந்து பல அடி தள்ளி நிற்கிறது. நேரே வரும் குரலைவிடச் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிரொலியையும், மின்விசிறியின் இரைச்சலையும், பந்தி பரிமாறும் ஓசையையுமே அது மிகுதியாக வாங்கும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. ஒலிபெருக்கிக்கு 17 மீட்டர் தொலைவில் நிற்கும் கருவியை அது வினாடியின் இருபதில் ஒரு பங்கு தாழ்த்தே அடையும். வினாடிக்கு 25 படம் எடுக்கும் கருவியில் இத்தாழ்வு ஒரு படத்திற்கும் மேலானது. உதடு முன்னும் சொல் பின்னுமாகத் தோன்றுவது இதனாலேயே.

தமிழ் பயில்வோர்க்கு இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நாவின் தொழில் சிறிது வேறுபட எழுத்து வேறுபடுவதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டினார். அவ்வேறுபாட்டைச் செவிக்கு உணர்த்தும் அடையாளங்கள், குறிப்பாக ழகர ளகரங்களைப் பிரித்துக் காட்டுவன, ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்சு வரையான ஒலிப்பகுதியில் அமைகின்றன. எதிரொலி மிகுந்த கூடத்தில் முதலில் மங்குவது இந்நுட்பமே. ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாய் ஒலிக்கும் பதிவைக் கொண்டு ஒரு முதுபெரும் புலவரின் ஒலிப்பை நாளைய மாணவர் எவ்வாறு கற்பர்?

இதற்குரிய வழி எளியது. மேடை மைக்குகள் யாவும் சென்று சேரும் மிக்சரிலிருந்து ஒரு கம்பி வழியே வீடியோக்காரர்க்கு ஒலியைக் கொடுப்பதே அது. பேசுவோரின் வாயருகே உள்ள மைக்கின் ஒலி எதிரொலியின் கலப்பு மிகக் குறைந்த நிலையில் பதிவாகும். ஆனால் எளிய வழியிலும் இடறும் கற்கள் உள. மிக்சரின் வெளியீடு ஒரு வோல்ட்டை ஒட்டிய ‘லைன்’ அளவினது; படக்கருவியின் மைக் வாயில் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட்டே. தணிப்பான் இன்றி இரண்டையும் இணைத்தால் குரல் கிழிந்து ஒலிக்கும். 40 டெசிபெல் தணிப்பான் மின்னழுத்தத்தை நூறில் ஒரு பங்காக்கும். கருவியில் ‘லைன்’ வாயில் இருப்பின் அதனையே தேர்ந்துகொள்ளலாம். இரு கருவிகளும் வெவ்வேறு இடத்து மின்சாரத்தில் இயங்கும்போது எழும் 50 ஹெர்ட்சு ரீங்காரத்தை இடையே வைக்கும் சிறு மின்மாற்றி பெரும்பாலும் நீக்கும். கூம்பு ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியில் மட்டும் எவரும் கைவைத்தல் ஆகாது. அதில் 100 வோல்ட் வரை ஓடக்கூடும். படக்கருவி அன்றோடு முடிந்தது.

மேலும், கூட்டத்திற்குச் செல்லும் ஒலியையே அப்படியே கொடுத்துவிடுதல் போதாது. மைக்செட்காரர் ஊளைச் சத்தம் எழாதிருக்க ஒலியைக் குறைப்பார். பின்வரிசையினர் கைகாட்டினால் கூட்டுவார். அவர் தம் கடமையைச் செய்கிறார், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அக்குறைப்பும் கூட்டலும் பதிவிலும் ஏறிவிடும். மிக்சரின் ‘ஆக்ஸ்’ வழியை, அவர் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு முன்னரே பிரித்தெடுத்தால் இக்குறை நீங்கும்.

இதனினும் நுட்பமான குறை ஒன்றை நூல் வெளியீட்டு விழா ஒன்றன் பதிவில் கண்டோம். மிக்சரிலிருந்து ஒலி முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. முதிய அறிஞர் ஒருவரின் குரல் அருகே அமர்ந்து பேசுவது போல் தெளிவாக ஒலித்தது. அவையிலிருந்து ஒருவர் எழுந்து வினவினார். அவர் கையில் மைக் இல்லை. பதிவில் அறிஞர் நெடுநேரம் வாளா நிற்கிறார், பின்பு ‘ஆம், அது பிற்காலத்து இடைச்செருகலே’ என்கிறார். எந்தப் பாடல் இடைச்செருகல் என்பது பதிவில் இல்லை. அவர் இன்று இல்லை. வினவியவர் யாரென்று அறிவாரும் இல்லை.

மைக் வாங்காத எதுவும் மிக்சரில் இராது. அவையின் சிரிப்பும், கைதட்டலும், பட்டிமன்றத்தில் எழும் ஆரவாரமும் கூடத்திற்குப் பெருக்கித் தர வேண்டாதவை. ஆகவே மிக்சரை எட்டுவதில்லை. நிக்காஹ் அவையில் மணமகன் தாழ்ந்த குரலில் ‘கபூல்’ என்பதும் இவ்வாறே நழுவும். சாட்சிகள் செவியில் விழுந்தால் அவர்தம் கடமைக்குப் போதும். பேரனுக்குக் காட்டும் பதிவுக்குப் போதாது. எனவே வானொலி நிலையத்தார் வெளியிட ஒலிபரப்பில் கையாளும் முறையை நாம் கருதுதல் தகும். திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராசர் ஆராதனையில் பாடப்பெறும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நேரலையாக நாடெங்கும் சென்றுள்ளன. இத்தகைய ஒலிபரப்பில் பந்தலுக்கு வேண்டிய ஒலி வேறு, வீட்டிலிருந்து கேட்போர்க்கு வேண்டிய ஒலி வேறு என்று கொண்டு, பின்னதற்கெனத் தனி மைக்கும் தனிக் கலவையும் அமைப்பர்.

சிற்றூர் விழாவுக்கு அத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. இரு தடங்களில் ஒலியேற்கும் கருவியில் ஒன்றில் மிக்சர் ஒலியையும், மற்றதில் அவையை நோக்கிய மைக்கையும் தனித்தனியே பதிதல் போதும். அவ்விடத்திலேயே இரண்டையும் கலந்தால் முன்கூறிய கால இடைவெளி எதிரொலியாகக் கெடுக்கும், பின்னர்ப் பொருத்திக்கொள்ளலாம்.

இவற்றுள் எதுவும் விழா தொடங்கிய பின் கூடிவருவதன்று. அழைப்பிதழின் எழுத்துருவுக்கு மூன்று முறை கூடும் விழாக்குழு, மைக்செட்காரரையும் வீடியோக்காரரையும் ஒருமுறை ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்வதில்லை. மைக்செட்காரர்க்கு இது கூடுதல் வேலை. கூலியும் கூடுதலாகத் தருதலே முறை. நம் துறை விழாக்களிலேனும் இருவரும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, ஒருவர் மேடையில் பேச மற்றவர் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டுப் பார்க்கட்டும். வினவுவோரிடம் கொண்டு செல்ல ஒரு கம்பியில்லா மைக்கோடு மாணவர் ஒருவரை நிறுத்துவோம். மறுநாள் பதிவின் படியொன்றைத் துறை நூலகத்தில் சேர்க்கும்போது, பேசியவர் பெயரோடு வினவியவர் பெயரும் எழுதப்பட வேண்டும்.