செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை

நாமக்கல் பக்கத்து லாரி ஜம்முவைத் தாண்டி, பனிஹால் சுரங்கம் வழியாகக் காஷ்மீருக்குள் போவது புதிய சங்கதி இல்லை. டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிருக்குக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் எடுக்காவிட்டால், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சில பலிக்கும். சில என்ஜினைக் கெடுக்கும். ஒன்றிரண்டு ஆளையே கொல்லும்.

நம்பிக்கை: டேங்க்கைத் திறந்து பார்த்தேன், டீசல் தண்ணியாகத்தான் இருக்கிறது. கோளாறு வேறெங்கோ.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் டீசலும் மொத்தமாகக் கட்டிப்பட்டால்தான் சிக்கல் என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே வண்டி நின்றுவிடும். டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. டீசல் நன்றாகப் பற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகள் அதை முழுக்க எடுத்துவிடுவதில்லை. குளிர் ஏறும்போது மெழுகு பொடிப்பொடியான படிகங்களாகப் பிரிந்து வரும். டேங்க்கில் அவை லேசான கலங்கல், அவ்வளவுதான். ஃபில்டர் காகிதத்தில் போய்ப் படிந்தால் சுவர் கட்டியதுபோல் அடைத்துக்கொள்ளும்.

இந்த ஃபில்டர் அடைப்பு வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 1460) வரம்பு உண்டு: கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. இரண்டுமே பூஜ்யத்துக்கு மேலே என்பதைக் கவனியுங்கள். ஆகவே ‘வடக்கே குளிர்கால டீசல்தான் ஊற்றுகிறார்கள்’ என்று நிம்மதி அடைவதில் பாதிதான் நியாயம். சமவெளி பங்க்கில் வாங்கும் குளிர்கால டீசலும் மைனஸ் குளிருக்கு உத்தரவாதம் தருவதில்லை. தெற்கே நிரப்பிய மிச்ச டீசலோடு மலை ஏறுகிறவர் நிலைமை இன்னும் மோசம். லடாக், கார்கில், கேலாங் போன்ற இடங்களுக்கென்றே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் தனி டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் ஆலையில் தயாராகும் அது மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கெடாது. மலையில் கிடைக்கும் இடத்தில் அதை வாங்கி நிரப்புவதுதான் புத்திசாலித்தனம்.

உறையாமல் தடுக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை வண்டி நின்ற பிறகு ஊற்றுகிறார்கள். அது புதிய படிகங்கள் பெரிதாவதைத் தடுக்கும். ஏற்கெனவே பிரிந்த மெழுகைக் கரைக்காது. டீசல் சூடாக இருக்கும்போதே கலந்திருக்க வேண்டும். நின்ற வண்டிக்கு ஃபில்டரை மாற்றி, கை பம்பால் ஏர் எடுப்பதே வழி. ஃபில்டருக்குக் கீழே சேரும் தண்ணீரை முந்தைய மாலையே வடித்திருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் பூஜ்யத்திலேயே ஐஸ் ஆகிவிடும்.

நம்பிக்கை: கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும்.

இதைச் சொல்லும் மெக்கானிக்கை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. பழைய பம்ப் வண்டிகளில் கைபழகிய அனுபவம் அது. மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு பிரியும் வெப்பநிலை உண்மையிலேயே இறங்கும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியில் உயரழுத்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு போதாது. அதிலுள்ள கந்தகம் புகைக்குழாயில் இருக்கும் சுத்திகரிப்பு அமைப்பையும் பாழாக்கும். ஒரு காலைப் பொழுதை மிச்சம் பிடிக்கப் போய் பம்ப் செலவை இழுத்துக்கொள்வது என்ன கணக்கோ தெரியவில்லை. பெட்ரோல் கலப்பது அதைவிட மோசம். சிறு பொறியிலேயே டேங்க் பற்றிக்கொள்ளும்.

நம்பிக்கை: டேங்க்குக்கு அடியில் தீ மூட்டினால் இளகிவிடும்.

டீசல் இளகும், கூடவே பிரேக்கின் ஏர் ஹோஸ், ஒயரிங், பிளாஸ்டிக் டீசல் குழாய் எல்லாம் இளகும். டீசல் ஆவி தீப்பற்றும் வெப்பநிலைக்கு நம் தர நிர்ணயம் வைத்திருக்கும் கீழ்வரம்பே 35 டிகிரிதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஃபில்டரில் சுற்றிப் பாருங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தீயைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கேபினுக்குள் கரி கங்கை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

நம்பிக்கை: செல்ஃப் சுற்றுகிறதே, பேட்டரியில் குறை இல்லை.

சுற்றினால் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் கெட்டிப்பட்ட ஆயில் என்ஜினைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். நம் ஊருக்குப் பொருந்தும் 15டபிள்யூ-40 ஆயில் மைனஸ் 20 வரையில்தான் குளிர்ச் சோதனை செய்யப்படுகிறது. 5டபிள்யூ ரகத்துக்கு மைனஸ் 30. லே நகரம்போல் 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்துவதற்குக் காற்றே குறைவு. குளிரை மட்டும் திட்டிப் பயனில்லை.

செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பேன். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றத்தான் சூடில்லை: பேட்டரி, ஆயில், ஹீட்டர் பக்கம் போங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை: ஃபில்டர், குழாய், தண்ணீர். இது தெரியாமல் விடாமல் செல்ஃப் அடித்தால் மோட்டார்தான் கருகும். பத்துப் பதினைந்து விநாடி அடித்துவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பக்கத்துக் காரிலிருந்து ஒயர் போட முயல்வதும் வீண். லாரிக்கு 24 வோல்ட், காருக்கு 12.

நம்பிக்கை: ஈதர் ஸ்பிரே அடித்தால் எடுத்துக்கொள்ளும்.

எடுத்தும் விடலாம், உடைத்தும் விடலாம். பெரிய லாரி என்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்குக்குப் பதிலாக, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலைதான் இருக்கும். பழுக்கச் சூடேறிய அதன்மேல் ஈதர் பட்டால் காற்றுக்குழாயிலேயே வெடிக்கும். அது தப்பினாலும், ஈதர் பிஸ்டன் மேலே வருவதற்குள் பற்றி ரிங்கை உடைக்கும். சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து, பிறகு செல்ஃப் அடிப்பவர்களுக்கு இந்த ஸ்பிரேயே தேவைப்படாது. பாதி பேர் அந்த விளக்கைப் பார்ப்பதே இல்லை.

நம்பிக்கை: யூரியா உறைந்துபோனதால்தான் வண்டி எடுக்கவில்லை.

யூரியா திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைவது வாஸ்தவம். ஆனால் அது புகையைச் சுத்தம் செய்யும் சங்கதி, என்ஜின் எடுப்பதைத் தடுக்காது. வண்டி ஓடத் தொடங்கினால் என்ஜின் சூட்டில் தானாக இளகும். அதற்குள் உப்போ வெந்நீரோ டேங்க்கில் ஊற்றினால் அந்தத் திரவம் மொத்தமும் வீண், அதோடு சென்சாரும் போகும்.