விசுவாசமும் சுயாதீனமும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழக எல்லையைத் தொட்டு நிற்கும் ஊர் அத்திபெலே. அங்கே அன்பர் ஒருவரின் இல்லத்தில் கீதை வகுப்பு முடிந்ததும், வயது முதிர்ந்த தாய் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். முப்பது ஆண்டுகள் ஏகாதசி உபவாசம் தவறாதவர் அவர். இன்சுலின் தொடங்கியபின் பட்டினி கிடக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். விரதம் நின்ற நாள்முதல் அவர் மனத்தில் ஒரு பயம் குடிகொண்டிருந்தது.

"அடுத்த வீட்டுக் கிறிஸ்தவ அம்மா, 'எங்களுக்கு விசுவாசம் போதும், சட்டத்தால் ரட்சிப்பு இல்லை' என்கிறார். அது சரிதானா சுவாமிஜி? கட்டுப்பாடே வேண்டாம் என்றால் மனிதன் எங்கே போய் நிற்பான்?"

இக்கேள்வி மிகப் பழையது. இதை நேருக்கு நேர் சந்தித்தவர் புனித பவுல். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள கலாத்தியாவின் சபைகளுக்கு, கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் ஒரு நிருபம் எழுதினார். அங்கே கிறிஸ்துவை ஏற்றவர்கள் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள். அவர்களிடம் சில போதகர்கள் வந்து, "விசுவாசம் மட்டும் போதாது, விருத்தசேதனம் செய்துகொள்ளுங்கள், மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்தினார்கள். மற்ற நிருபங்களைப் பெரும்பாலும் நன்றியுரையோடு தொடங்கும் பவுல், இதில் அதைக்கூட விட்டுவிட்டுக் கண்டனத்தில் இறங்குகிறார். அவ்வளவு கோபம்!

மொழிபெயர்ப்பு வேலையில் காலம் கழிப்பவன் என்பதால் என் மனம் முதலில் சொற்களிடம் செல்கிறது. பவுல் குறிப்பிடும் சட்டத்தைப் பழைய தமிழ் விவிலியம் 'நியாயப்பிரமாணம்' என்கிறது. தத்துவம் பயின்றவன் இச்சொல்லைக் கண்டதும் கௌதமரின் நியாய சாஸ்திரத்தையும், பிரத்தியட்சம், அனுமானம் முதலான பிரமாணங்களையும் நினைத்துக் குழம்புவான். நானும் மாணவப் பருவத்தில் குழம்பியதுண்டு. இங்கே அதன் பொருள் மோசேயின் வழி வந்த சட்டம் என்பதே. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருச்சட்டம்' என்று தெளிவாக்கிவிட்டது.

இன்னொரு சொல் இதைவிட முக்கியமானது. அச்சட்டம் நமக்கு 'உபாத்தி'யாக இருந்தது என்று மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. உபாத்தி என்றால் ஆசிரியர் என்றே கொள்வோம். ஆனால் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'பைடகோகோஸ்'. அவன் பாடம் சொல்பவன் அல்லன். செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், வழியில் கெட்டுப்போகாமல் காக்கவும் அமர்த்தப்பட்ட அடிமை. பிள்ளை பருவம் எய்தியதும் அவன் கடமை முடிகிறது. அதற்காக அவனைப் பகைவன் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டத்தின்மீது பவுலுக்கு வெறுப்பு என்று முடிவு கட்டுவது தவறு. யூத சமயத்தைப் புண்ணியக் கணக்கு எழுதும் சமயமாகச் சித்திரிப்பதும் நியாயமன்று. யூதருக்கும் இறையருளே முதல், சட்டம் அவ்வருளுக்கு அவர்கள் தரும் மறுமொழி என்பதை இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் 1977-இல் விரிவாக நிறுவினார். பவுலின் நடைமுறையையே பாருங்கள்: தீத்துவுக்கு விருத்தசேதனம் கூடாது என்று உறுதியாக நின்றவர், தீமோத்தேயுவுக்குத் தாமே அதைச் செய்வித்தார். முதலாவது இடத்தில் அது ரட்சிப்புக்கான நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. இரண்டாவது இடத்தில் அவ்வட்டார யூதரிடையே பணியாற்ற ஒரு வசதி, அவ்வளவே. சடங்கு ஒன்றுதான்; அதன்மேல் வைத்த நம்பிக்கையில்தான் வேறுபாடு. கீதையின் 18-ஆம் அத்தியாயம் 66-ஆம் சுலோகத்துக்கு வைணவ ஆசாரியர்கள், தர்மங்களை 'உபாயம்' என்று பற்றுவதைத்தான் விடச் சொல்கிறது என்று பொருள் கூறியதை அன்பர்கள் இங்கே நினைவுகூரலாம்.

இந்தச் சுயாதீனம் பரிசோதிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? சாப்பாட்டுப் பந்தி. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவரோடு அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். மூத்த சீடர் என்றும் பாராமல், எல்லோர் முன்னிலையிலும் பவுல் அவரைக் கடிந்தார்.

பந்தியும் இருக்கையும் என்றவுடன் நமக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வரவேண்டும். விசுவாசத்தினால் மட்டுமே நீதி என்னும் லுத்தரின் உபதேசம் 1706-இல் சீகன்பால்குவுடன் தரங்கம்பாடியில் இறங்கியது. ஆயினும் ஆலயத்தினுள் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் வந்த புதிய மிஷனரிகள் அதை ஒழிக்க முனைந்தனர். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பினார்: சபையில் சாதி வேற்றுமை உடனே, முற்றாக நீங்க வேண்டும். பலர் சபையை விட்டே வெளியேறினர்.

எதிர்த்தவர்களில் தலையாயவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவர், பெரும் கீர்த்தனைக் கவிஞர். சாதி என்பது உலக வழக்கு, ரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை விட்டால்தான் கிறிஸ்தவன் என்பது புதிய நிபந்தனை என்பது அவர் தரப்பு. மிஷனரிகள் சாதியோடு நிற்கவில்லை. பழகிய பப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். திருமணத்திலும் சாவிலும் பூக்களைத் தடுத்தார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாடல்களை விலக்கினார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே கொடுமைப் பட்டியலாகச் சாஸ்திரியார் எழுதிவைத்தார்.

அப்பட்டியலைப் பவுலின் கையில் கொடுத்தால் என்ன செய்திருப்பார்? என் கருத்தில் அதை இரண்டாகக் கிழித்திருப்பார். பூவும் பாட்டும் பற்றிய பகுதியில் சாஸ்திரியார் கலாத்தியருக்காகவே பேசுகிறார்: பிறநாட்டாரின் பழக்கத்தை விசுவாசத்தின் நிபந்தனையாக்காதீர்கள் என்று. இருக்கை பற்றிய பகுதியிலோ அவர் அந்தியோகியாவின் பேதுரு. ஒடுக்கப்பட்ட சகோதரனின் பக்கத்தில் அமர மறுப்பதை உலக வழக்கு என்று சொல்லிச் சுயாதீனத்துக்குள் மறைக்க முடியாது. சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யவேண்டும் என்பதும் அதே நிருபத்தின் உபதேசமல்லவா? ஒரு மகானிடத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தது நம்மை நிதானிக்க வைக்கிறது.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. உங்கள் உபவாசம் பைடகோகோஸ் போல உங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. அது விடைபெறுவதால் பகவான் விலகமாட்டான் என்றேன். பவுல், பேதுரு, பந்தி விஷயத்தை மட்டும் கதையாகச் சொன்னேன். முகம் தெளிந்தது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அப்படியானால் சுவாமிஜி, இந்த முப்பது வருஷத்தில் அந்த அம்மா வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லையே?"