பொறியும் விழிப்பும்

குருதி, சிறுநீர் முதலிய உடல்நீர்களை ஆராய்ந்து நோயறிதல் மருத்துவத்தின் ஒரு கூறாகும். முன்னாளில் இவ்வாய்வினைக் கையாலேயே செய்தனர். அமெரிக்க அறிஞர் லியோனார்டு ஸ்கெக்ஸ் அமைத்த தானியங்கிப் பொறி 1957ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் பலருடைய குருதிநீர் ஒரே குழாயின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. அவை கலவாதிருக்கக் காற்றுக் குமிழிகள் இடையிடையே வரப்புப்போல் நின்றன. வரப்பு பழுதுபடின், முன்னவரது மிகுதி பின்னவர் கணக்கில் ஏறிவிடும்.

எனினும், பிழைகளுட் பல குருதி பொறியை அடையுமுன்னரே நேர்கின்றன. பொட்டாசியம் என்னும் பொருள் குருதிநீரில் உள்ளதினும் சிவப்பணுக்களுள் பன்மடங்கு மிகுதி. குருதி எடுத்த குப்பியை வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். உள்ளிருந்த பொட்டாசியம் வெளிப்படும். லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அது, மிக உயர்ந்ததாகத் தோன்றும். இல்லாத மிகைக்கு மருந்தளித்தால் உயிர்க்கே ஊறு நேரலாம்.

சர்க்கரையின் நிலை இதற்கு மாறானது. எடுத்த குருதியை அறை வெப்பத்தில் அப்படியே வைத்திருந்தால், அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். அதனால் நீரிழிவுடையாரும் நலமுடையார்போல் தோன்றக்கூடும். இக்குறைவைத் தணிக்கவே சோடியம் புளோரைடு இட்ட குப்பியைப் பயன்படுத்துகின்றனர்.

இவை அனைத்தினும் கொடியது, குப்பியில் பிறர் பெயரை ஒட்டிவிடுதல். பின்னர்ப் பொறி எத்துணை நுட்பமாக அளந்தும் பயன் யாது?

மாணவர்களே, தன்னிடம் தந்ததையே பொறி அளக்கும். தந்தது தக்கதா என ஆராய்தல் மனிதர் கடமை. எனவேதான், எண்ணும் நோயாளியின் நிலையும் பொருந்தாதபோது, நல்ல மருத்துவர் மீண்டும் குருதி எடுத்து ஆராயச் செய்கின்றார்.