மடக்கு சைக்கிள் வாங்கலாமா?

சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். ஆனால் நிறுத்த இடம் வேண்டும். பெரிய நகரத்தில் அதுதான் கஷ்டம். ஒரே அறை வீடு. அதுவும் மூன்றாவது மாடி. தெருவில் விட்டால் காலையில் சைக்கிள் இருக்குமோ, இருக்காதோ!

இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் மடக்கு சைக்கிள். கதவில் கீல் இருக்கிறது அல்லவா? அதுபோல இந்த சைக்கிளின் நடுவில் ஒரு கீல் இருக்கும். ஹேண்டில் தண்டிலும் ஒரு கீல் இருக்கும். பூட்டைத் திறந்தால் சைக்கிள் இரண்டாக மடியும். வீட்டு மூலையில் வைத்துக்கொள்ளலாம்.

இது நேற்று வந்த பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களுக்கு பி.எஸ்.ஏ. கம்பெனி மடக்கு சைக்கிள் செய்து கொடுத்தது.

புதியது விலை அதிகம். பழையது மலிவு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

கீலைப் பார்

தில்லியில் ஒரு பெண். மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். காலையும் மாலையும் நடந்து நடந்து கால் வலி. அவரும் கணவரும் பழைய சைக்கிள் கடைக்குப் போனார்கள். அங்கே இரண்டு மடக்கு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று புது பெயின்ட் அடித்தது. மற்றொன்று துருப்பிடித்தது.

"இது எப்படி மின்னுது பாரு! இதையே வாங்கிடலாம்" என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. கீலைப் பார்ப்போம்" என்றார் மனைவி.

அவர் கீலைத் துணியால் துடைத்தார். விரலால் தடவினார். பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்! மேலே வெல்டிங் வைத்து மறைத்திருந்தார்கள்.

"ஓடும்போது இது முறிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். கணவர் பதில் பேசவில்லை.

துருப்பிடித்த சைக்கிளையும் சோதித்தார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினார். ஒரு விரல் கீலின் மேல் இருந்தது. ஆட்டம் இல்லை. பூட்டு இறுக்கமாகப் பிடித்தது. மேல் துருவைத் தேய்த்தால் போய்விடும். கீலில் விட்ட விரிசல் போகாது.

எண்ணைப் படி

சைக்கிள் சட்டத்தில் ஓர் எண் வெட்டியிருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணை அரத்தால் ராவி அழித்திருந்தால் வாங்காதீர்கள். அது திருட்டு சைக்கிளாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

அந்தப் பெண் ரசீது கேட்டார். அதில் சட்ட எண், விலை, தேதி, விற்றவர் கையெழுத்து எல்லாம் இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகுதான் 3,500 ரூபாய் கொடுத்தார்.

டயரின் பக்கத்திலும் எண் உண்டு. அவர்கள் சைக்கிளில் 47-406 என்று இருந்தது. 47 என்பது டயரின் அகலம். 406 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு.

தில்லியில் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தை பெயர் பெற்றது. கணவர் அங்கே போய், "20 அங்குல டயர் கொடுங்க" என்றார். கடைக்காரர் ஒரு டயரை எடுத்துப் போட்டார். மனைவி அதன் எண்ணைப் படித்தார். 451 என்று இருந்தது!

"என்னங்க, இது நம்ம சைக்கிளுக்கு ஏறாது. 406 கேளுங்க" என்றார்.

இரண்டையுமே 20 அங்குலம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றதன் டயர் பொருந்தாது.

பழுது பார்த்தல்

1. சட்டத்தில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்க்கவும். துடைத்துவிட்டு பெயின்ட் அடிக்கவும். கீல் மூட்டுக்குள் பெயின்ட் போகக் கூடாது.

2. செயினை டீசல் நனைத்த துணியால் துடைக்கவும். அடுப்புப் பக்கம் இதைச் செய்யக் கூடாது. செயின் காய்ந்த பிறகு எண்ணெய் விடவும். ரிம்மில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

3. சீட்டுத் தண்டு இறுகிப் போயிருந்தால் அடிக்காதீர்கள். எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள்.

4. சீட்டுத் தண்டில் ஒரு கோடு இருக்கும். சீட்டை உயர்த்தும்போது அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் தண்டு வளையலாம், உடையலாம்.

5. பிரேக் கட்டை, பிரேக் வயர் இரண்டையும் புதிதாக மாற்றவும். இதில் சிக்கனம் வேண்டாம்.

6. அச்சில் உள்ள குண்டுகளுக்கு கிரீஸ் வைப்பது, ரிம் கோணலை எடுப்பது ஆகியவற்றைத் தெரிந்த மிஸ்திரியிடம் விடவும்.

ஓட்டும்போது கவனம்

சிறிய சக்கரம் ஒரு சுற்றில் சுமார் ஒன்றரை மீட்டர் போகும். நம் ஊர்ப் பெரிய 28 அங்குலச் சக்கரம் சுமார் இரண்டே கால் மீட்டர் போகும். சிறிய சக்கரம் பள்ளத்தில் அதிகமாகக் குலுங்கும். எனவே குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போகவும். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் இரண்டு பூட்டுகளையும் தொட்டுப் பார்க்கவும்.

கணக்குப் போடுவோம்

டயர் 2: 800 ரூபாய்
ட்யூப் 2: 300 ரூபாய்
பிரேக் கட்டை 4: 120 ரூபாய்
பிரேக் வயர் 2: 100 ரூபாய்
கிரீஸ், எண்ணெய், உப்புத்தாள், பெயின்ட்: 180 ரூபாய்
மிஸ்திரி கூலி: 400 ரூபாய்

பழுது பார்க்க ஆன செலவு எவ்வளவு? சைக்கிள் விலையையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

பேசுவோம்

1. மின்னிய சைக்கிளை அந்தப் பெண் ஏன் வாங்கவில்லை?
2. ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டு சைக்கிளின் சட்ட எண் என்ன? டயர் எண் என்ன? பார்த்து நோட்டில் எழுதுங்கள். சைக்கிள் தொலைந்தால் புகார் கொடுக்க அந்தச் சட்ட எண் உதவும்.