கிரின் தீவு யாருக்குச் சொந்தம்?

எங்கள் கல்லூரி நூலகத்தில் எனிட் பிளைட்டனின் ‘பேமஸ் பைவ்’ கதைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. சென்ற தவணை அவற்றை அடுக்கும்போது, ஒரே கதையின் இரு பிரதிகளில் பதிப்புரிமைப் பக்கம் வேறுபட்டிருப்பதைக் கண்டேன். பழைய பிரதியில் ‘கோரியன்’ என்ற கம்பனியின் பெயர். புதியதில் ‘ஹொடர் அன்ட் ஸ்டௌட்டன்’. எழுதியவரோ 1968இலேயே இறந்துவிட்டார்.

முதற் கதையில் கிரின் தீவு தன்னுடையது என்கிறாள் ஜோர்ஜ். அவளுடைய தந்தையோ அதை விற்க உடன்படுகிறார். கதைக்கு வெளியே ஜோர்ஜும் தீவும் நாய் டிம்மியும் சேர்ந்தே கைமாறியிருக்கின்றன. சொத்து என்றால் காணி, கட்டடம், இயந்திரம் என்று வணிகக் கல்வியில் படித்த எனக்கு இது புதினமாக இருந்தது. இத்தகைய கம்பனியில் பணம் போடுபவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

முதலில் அவர் வாங்குவது காலத்தை. பிரித்தானியாவில் பதிப்புரிமை, எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிலைக்கும். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதே 70 ஆண்டுகளைத்தான் சொல்கிறது. ஆகவே பிளைட்டனின் எழுத்துக்கு 2038 முடியும் வரை உரிமை உண்டு. காணிக்கு இப்படி ஒரு முடிவுநாள் இல்லை; இதற்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டு கழிகிறது. 1996 வரை பிரித்தானியச் சட்டம் 50 ஆண்டுகளையே தந்திருந்தது. அது மாறியிராவிட்டால் 2018உடன் எல்லாம் முடிந்திருக்கும். சட்டத்தில் ஓர் எண் மாறியதில், எவரும் ஒரு வரிகூட எழுதாமலே, 20 ஆண்டு வருமானம் கூடிவிட்டது!

எழுத்துக்கும் படத்துக்கும் கணக்கு வேறு என்பதையும் பார்க்க வேண்டும். பிளைட்டனின் ‘நொடி’ கதைகளுக்கு முதலில் படம் வரைந்த ஹார்ம்சன் வான் டெர் பீக் 1953இல் இறந்தார். அதே 70 ஆண்டுக் கணக்கில் அவருடைய படங்களின் காலம் 2023 இறுதியில் வந்துவிடுகிறது. பெயருக்கும் கையொப்பத்துக்கும் எடுத்த வர்த்தகக் குறியோ வேறு வகை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் அது தொடரும். ஒரே பாத்திரத்தில் மூன்று உரிமைகள், மூன்று ஆயுட்காலங்கள்.

இனி கோரியனின் கதை. பிளைட்டனின் உரிமைகள் 1996இல் அதன் கைக்கு வந்தன. பிறகு அகதா கிறிஸ்டி கம்பனியின் 64 வீதப் பங்கு. 2004இல் ‘மிஸ்டர் மென்’ பாத்திரங்கள், 28 மில்லியன் பவுணுக்கு. லண்டன் பங்குச் சந்தையில் இருந்த கோரியனை 2006இல் ‘த்ரீ ஐ’ என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணத்துடன் ஏறத்தாழ 111 மில்லியன் பவுணுக்கு வாங்கித் தனியார் கம்பனியாக்கினார்கள். அந்தப் பணத்தில் பெரும் பங்கு கடன். ஐந்தே ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. கம்பனி பிரித்து விற்கப்பட்டது. ‘மிஸ்டர் மென்’ 2011 இறுதியில் ஜப்பானின் சன்ரியோவிடம் போயிற்று. 2012இல், ‘நொடி’ நீங்கலாக, பிளைட்டனின் உரிமைகள் ஹஷெட் பதிப்பகத்திடம் வந்தன. ஹொடர் அதன் ஒரு பிரிவு. 1942இல் ‘பேமஸ் பைவ்’ முதற் கதையை வெளியிட்டதும் அதே ஹொடர்தான். தீவு சுற்றிவளைத்து வீட்டுக்கே வந்துவிட்டது.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். பிளைட்டனின் புத்தகங்கள் அப்போதும் கடைகளில் இருந்தன. பிள்ளைகள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு விழுந்தது எது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 ரூபா பெறுமதியான உரிமையை 30 ரூபா சொந்தப் பணத்திலும் 70 ரூபா கடனிலும் வாங்குகிறோம் என்று வைப்போம். பெறுமதி 80ஆகக் குறைந்தால், கடன்காரருக்குரிய 70 முதலில் போகும். எங்களுக்கு மிஞ்சுவது 10. சொத்து குறைந்தது ஐந்தில் ஒன்று. எங்கள் முதல் குறைந்ததோ மூன்றில் இரண்டு. பெறுமதி குறையாவிட்டாலும் ஆண்டுதோறும் வட்டி நிற்காது. அதுவும் 2038ஐ நோக்கித் தேயும் ஒரு சொத்தின்மேல். எங்கள் மார்க்கம் வட்டியை விலக்கி, நட்டத்திலும் பங்காளியாகும் முஷாரகாவை அனுமதித்ததை இதுவரை இஸ்லாம் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தேன். இலண்டனில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை வைத்து விளங்குவேன் என்று நினைக்கவில்லை.

தனியார் கம்பனி என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் பங்குக்கு அன்றாட விலை இல்லை. பணம் தேவைப்படும் நாளில் விற்றுவிட முடியாது. எமது 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கக்கூடாது. பங்குதாரர் 50 பேரைத் தாண்டவும் கூடாது. வாங்க ஆள் தேட வேண்டியது அந்த வட்டத்துக்குள்தான். என்னைப் போல் பிளைட்டனை மனப்பாடம் செய்தவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். பிரியம் இருக்கிற இடத்தில் கணக்குப் பார்ப்பது கடினம்.

கடைசியாக, உரிமைப் பட்டியலை வாசிப்பது. அகதா கிறிஸ்டியின் பெயரில் கம்பனி இருப்பதால் அவர் எழுதிய எல்லாமே அதற்குள் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். 1952இல் லண்டனில் தொடங்கி, கொரோனாக் காலத்தில் மட்டும் நிறுத்தப்பட்டு, இன்றும் மேடையேறும் அவருடைய நாடகம் ‘மவுஸ்ட்ராப்’. அதன் உரிமையைக் கிறிஸ்டி கம்பனிக்குக் கொடுக்கவில்லை. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார்.