பஞ்சு மிட்டாயும் பாட்டியின் மஞ்சள் பாலும்

எட்டாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் பாடம் நடத்த நான் கடையில் எதுவும் வாங்குவதில்லை. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, எலுமிச்சை, பீட்ரூட் எல்லாம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வந்துவிடும். மஞ்சள் கரைத்த நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்து சிவந்ததும் "ஆரத்தி!" என்று வகுப்பே கத்தும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிறது.

இந்த முறை பேச்சு பஞ்சு மிட்டாய்க்குத் தாவியது. அதில் ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. எங்கள் பள்ளியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். சாயப்பட்டறையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன், "எங்கப்பா கையில ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி ரோஸ்தான் டீச்சர்" என்றான். நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பைவிட அது நல்ல பாடம். பட்டு இழை புரதம், நம் தோலும் புரதம். புரதத்தில் பிடிக்கும் சாயம் ஒரு குளியலில் போய்விடாது.

அடுத்து ஒரு மாணவி கேட்டதற்குத்தான் என்னிடம் உடனே பதில் இல்லை. "அப்போ மஞ்சள் மாதிரி இயற்கை நிறம் சாப்பிட்டா கேன்சர் வராதா டீச்சர்? வந்தாலும் போயிடுமா?" அவளுடைய பாட்டி காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது போதும், மஞ்சள் பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன்.

மறுநாள் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினேன். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்களின் வளர்ச்சியைக் குர்க்குமின் தடுக்கிறது, இது உண்மை. ஆனால் நாம் விழுங்கும் குர்க்குமினில் மிகக் கொஞ்சமே இரத்தத்தில் சேர்கிறது. அதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. தட்டில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடப்பதில்லை. மஞ்சள் மட்டும் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாரும் நிறுவவில்லை.

கேரட்டின் கதை இன்னும் கண்டிப்பானது. காய்கறி நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக இருப்பதைக் கண்டவர்கள், கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின்தான் காரணம் என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அதைச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கப்பட்டது. 1994இல் வெளியான முடிவில், அதை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியானது. கேரட் வேறு, அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து அடைத்த மாத்திரை வேறு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராமாவது உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்துணவுத் தட்டில் கீரையை ஒதுக்குகிறவர்களை அப்போது ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

மஞ்சள்தூளே கலப்படமாக இருந்தால்? ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டுக் கலக்காமல் விட்டோம். நல்ல தூள் அடியில் படிந்து, மேல்நீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். சாயம் கலந்ததென்றால் நீர் அடர்மஞ்சளாகிவிடும். மெட்டானில் மஞ்சள் என்ற துணிச்சாயம் இப்படிக் கலக்கப்படுவதுண்டு. ஆறு வீட்டுத் தூள்களைச் சோதித்தோம். ஒன்றில் மட்டும் நீர் அடர்ந்து நின்றது. யார் வீட்டுடையது என்று நான் கேட்கவில்லை.

மாணவியின் அம்மாவைப் பள்ளிக்கு வரச்சொல்லிப் பேசினேன். குழம்பில் மஞ்சள் இருக்கட்டும், பாலில் ஒரு சிட்டிகையும் போடட்டும். ஆனால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள், மஞ்சள் மாத்திரை ஏதும் வாங்குவதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாயன்று அந்தப் பிள்ளை வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோழி கொண்டுவந்த விடுப்புக் கடிதத்தில், 'பாட்டிக்குத் துணையாகக் காரப்பேட்டை செல்வதால்' என்று எழுதியிருந்தது.